அம்மாவின் இடது கண்ணும் அந்தப் பதினோரு நாளும்

என்னைப் பெற்ற அப்பாவுக்கு,

வருகிற மாதத்தோடு நீங்கள் போய் ஒரு வருஷம். செத்தவரைத் திட்டக் கூடாது என்கிறார் சித்தப்பா. இருந்தபோது திட்ட விட்டீர்களா?

நடவு நேரத்தில் அம்மாவின் நெற்றியில் இடது பக்கம் கொப்புளம் கிளம்பி, மூக்கு நுனிவரை இறங்கியது. அக்கிதான் என்று காவிமண்ணைக் குழைத்துக் கொப்புளத்தின் மேல் எழுத வைத்தீர்கள். மூன்று நாள் எழுதியாயிற்று. கண் சிவந்து, கொசு பறக்கிற மாதிரி தெரிகிறது என்று அம்மா சொன்னபோதும், வயல் வேலை முடியட்டும் என்று நீங்கள் அசையவில்லை.

பெரம்பலூரிலிருந்து நான் தினமும் போன் செய்தேன். "அம்மாகிட்ட குடுங்கப்பா" என்றால், "தூங்குறா. ஆறிட்டு வருது. நீ ஒண்ணும் கெளம்பி வராத" என்றீர்கள். நம்பினேன். அதற்காக என்னையும்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

பதினோராம் நாள் மனசு கேட்காமல் தா.பழூரில் நம் வீட்டுக்கு பஸ் ஏறினேன். அம்மாவின் இடது பக்கம் போய் நின்றேன். தோளைத் தொடும்வரை நான் வந்தது அவளுக்குத் தெரியவில்லை.

திருச்சியில் கண் டாக்டரம்மா வெளிச்சம் அடித்துப் பார்த்தார். "சின்ன வயசுல அம்மை போட்டிருந்துச்சா? அந்தக் கிருமி போவாதும்மா, நரம்புல பதுங்கிக் கெடக்கும். வயசாயி உடம்பு தளந்தா அக்கியா கெளம்பும். இவங்களுக்கு உள்ள போயி விழித்திரையவே அரிச்சிருச்சு."

"முன்னாடியே வந்திருந்தா, டாக்டர்?"

"மருந்து இருக்கும்மா. மொதல்லயே வந்திருந்தா காப்பாத்தப் பாத்திருக்கலாம்."

அரித்த இடம் கிழிந்து, விழித்திரை கழன்றுவிட்டது. ஆபரேஷனும் கைகொடுக்கவில்லை.

உங்கள் கண் புரை விழுந்து மங்கியபோது மறுநாளே திருச்சி பஸ் ஏறினீர்களே அப்பா, அன்றைக்கு வயலில் வேலை இல்லையா? அவளுடையது மட்டும் என்ன, கண் இல்லையா? கடைசிவரை "அவ தலையெழுத்து" என்றீர்கள். ஒரு வார்த்தை வருந்தாமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தீர்கள்.

அம்மா இப்போது என்னோடு பெரம்பலூரில் இருக்கிறாள். போன மாதம், நிலைக்கதவு வளைந்து தெரிகிறது என்றாள். மறுநாளே திருச்சிக்குக் கூட்டிப் போனேன். வலது கண்ணில் கிருமி இல்லை. வயது செய்கிற வேலை, விழித்திரையின் நடுவில் நீர் கசிகிறது, மாதம் ஒரு ஊசி கண்ணுக்குள் போட்டால் இருக்கிற பார்வையைப் பிடித்து நிறுத்தலாம் என்றார் டாக்டரம்மா.

அடுத்த ஊசி உங்கள் வருஷத் திதி அன்று வருகிறது. கேள்விப்பட்டுச் சித்தப்பா நேரில் வந்து குதித்தார். "புருசன் திதிய வுட்டுட்டு யாராச்சும் ஊசி போடப் போவாங்களா? ஒரு நாள் தள்ளிப் போட்டா என்ன கொறஞ்சுடும்?"

நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா பேசினாள். உங்கள் எதிரே ஒருநாளும் குரல் உயர்த்தாத அதே அம்மா.

"பதினோரு நாளு நான் காத்திருந்தேன் தம்பி. அவரு ஒரு நாளு காத்திருக்கட்டும்."

சித்தப்பா செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

உங்கள் திதியன்று காலை நாங்கள் திருச்சி பஸ்ஸில் இருப்போம். இனி அவள் கண்ணைப் பற்றி அவளைக் கேட்காமல் யாரும் முடிவெடுக்க மாட்டார்கள், நானும்கூட. இது சத்தியம்.

இன்னும் ஆறாத கோபத்தோடு,
உங்கள் மூத்த மகள்
செல்வி