மருந்து எட்டாத நம் ஊர்

அன்புள்ள மார்லிஸ்,

உன் முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம்.

கிருமி ஆயுதத் தடுப்பில் முனைவர் பட்டம் பெறத் தேவையான பாடங்களும் எழுத்துத் தேர்வும் முடிந்திருந்தன அல்லவா? நேற்று வாய்மொழித் தேர்வு. நம் நெப்ராஸ்கா மாநிலம் முழுவதும் யாரோ ஆந்த்ராக்ஸ் கிருமியைத் தூவிவிட்டதாகக் கற்பனை. கையிருப்பு மருந்தை விதிப்படி பெரிய ஊரிலிருந்து தொடங்கிப் பங்கிட்டேன். நம் ஊருக்கு வருமுன் தீர்ந்துவிட்டது.

பேராசிரியர் கெஸ்லர் சிரித்தார். "சொந்த ஊரையே கைவிட்டுட்டீங்களே, பெரியவரே! இனி வீட்டுல காபி கிடைக்குமா?"

தேறிவிட்டேன். இனி ஆய்வேடு மட்டும்தான். கணக்கை மூன்று முறை சரிபார்த்தேன், சரிதான். நான் செய்தது சரியா என்றுதான் தெரியவில்லை. நம் ஊரில் மருந்து கிடைக்காதவர்கள் நானூற்றுப் பன்னிரண்டு பேர் என்று பலகையில் எழுதிய பிறகே அதில் நீயும் ஒருத்தி என்பது உறைத்தது. இரவு தொலைபேசியில் நீ இருமினாய். அதன் பிறகு நீ பேசிய எதுவும் என் காதில் விழவில்லை.

கம்பளிக் காலுறைகளை அனுப்பு. இந்தக் குளிர்காலம் முழுவதும் ஒமாஹாவில் உன் தங்கை வீட்டில் இரு. மருந்துப் பட்டியலில் முதல் ஊர் அதுதான்.

பேருந்து வந்துவிட்டது.

உன்,
வெர்லின்