காலி வண்டி விற்பனைக்கு இல்லை

அன்பு மகள் வாலுவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம், அப்பாவின் முழங்காலை மட்டும் இந்த எல்லோரில் சேர்க்காதே. நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன், உன் இருமல் விட்டதா இல்லை இன்னும் அந்தக் குளிரில் தலையைத் துவட்டாமல்தான் ஆபீசுக்கு ஓடுகிறாயா தெரியவில்லை. போனில் சொல்ல வேண்டியதற்கு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ என்னை எங்கே பேச விடுகிறாய்? நான் வாயைத் திறப்பதற்குள் நீயே முடிவைச் சொல்லி, போனை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிடுகிறாய், அவர் பாவம் ஆமா அத்தை ஆமா அத்தை என்று இரண்டு பக்கமும் தலையாட்டுகிறார். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. அதனால் தையல் மெஷினை மூடி, அதன் மேலேயே பேப்பரை வைத்து எழுதுகிறேன். விஷயம் நம் பிக்கப் வண்டிதான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், விற்க மாட்டேன். இனி நிதானமாகப் படி.

போன மாதம் ஒரு கேள்வி கேட்டாயே, அது இன்னும் காதுக்குள் கொசு மாதிரி சுற்றுகிறது. அம்மா, அந்த வண்டியோட பின்பக்கத்துல கடைசியா எப்போ லோடு ஏத்தினே, யோசிச்சுச் சொல்லு என்றாய். யோசித்தேன். யோசித்துக்கொண்டே இருந்தேன், அந்தப் பக்கம் நீ சிரித்தது கேட்டது. உடனே ஆரம்பித்துவிட்டாய், எங்கேயோ படித்தாயாம், இந்த மாதிரி வண்டி வைத்திருக்கிற நிறையப் பேர் பின்னால் எதையுமே ஏற்றுவதில்லையாம், கடைக்கும் ஆபீசுக்கும் போய்வரத்தான் ஓட்டுகிறார்களாம். நீயும் காத்தைத்தானே ஏத்திக்கிட்டுப் போறே, அதுக்கு எதுக்கு அவ்வளவு பெரிய வண்டி, இந்த வயசுல ஒரு சின்னக் கார் போதாதா என்றாய். எந்த நாற்காலியில் யாரும் உட்காருவதில்லை, எந்த அறை சும்மா கிடக்கிறது என்று பார்த்துப் பார்த்து எடுத்துவிடச் சொல்வதுதான் ஆபீசில் உன் வேலை. அதற்குச் சம்பளம் தருகிறார்கள், சந்தோஷமாக வாங்கிக்கொள். அந்த வேலையை என் வாசலில் வந்து பார்க்காதே. வயசாம் வயசு. அந்த உயரமான சீட்டில் நான் ஏறி உட்கார்ந்தால் லாரிக்காரர்களே வழி விடுகிறார்கள், தெரியுமா?

உண்மையை ஒளிக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. நீ சொன்னது சரிதான். அப்பா டைல்ஸ் போடப் போன காலத்தில் அந்த வண்டி ஒருநாள்கூடச் சும்மா நின்றதில்லை. அவருக்கு முழங்கால் போய், கிளச்சை மிதிக்க முடியாமல் ஆனதும் நான் ஓட்டக் கற்றுக்கொண்டேன், அவரும் சும்மா இருக்க முடியாமல் பின்னால் புதுசாகப் பெயிண்ட் அடித்து வைத்தார். நான் வீடுகளுக்குத் தைத்து மாட்டுகிற கர்ட்டன் துணியெல்லாம் முன் சீட்டிலேயே அடங்கிவிடும். கம்பிகளை அப்பாவின் தோளுக்கும் கதவுக்கும் நடுவில் செருகிவிடுவேன், அவர் பக்கத்தில் உட்கார்ந்து தன் காலடியில் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவார். பின்னால் பெரும்பாலான நாள் வெறும் காற்றுதான். இருக்கட்டுமே, அதனால் என்ன? உங்கள் ஆபீஸ் சுவரில் தீ அணைக்கிற சிவப்பு சிலிண்டர் தொங்குமே, அதை வருஷத்தில் எத்தனை தடவை இறக்குகிறீர்கள்? அதையும் எடுத்துவிடச் சொல்லேன் பார்க்கலாம்.

நீ வாயோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். என்னை ஒரு வார்த்தை கேட்காமல் நெட்டில் விளம்பரம் போட்டாய் பார், அதுவும் போன தடவை வந்தபோது எடுத்த போட்டோவை வைத்து, அதில் கொடியில் காய்கிற என் நைட்டியும் சேர்ந்து தெரிகிறதாம், உன் தம்பி சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான். அதைப் பார்த்துவிட்டு ஒருவர் வாசலில் வந்து நின்றார். மீன் தொட்டி வியாபாரம் செய்கிறவராம். நல்ல மனிதர்தான், குறை சொல்ல முடியாது. வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார், பின்கதவை இறக்கி உள்ளே தலையை விட்டுப் பார்த்தார், அப்புறம் முகமெல்லாம் சிரிப்பாக, அடிச்ச பெயிண்ட் அடிச்சபடி இருக்கேம்மா, நீங்க லோடே ஏத்துறதில்லை போலிருக்கு என்றார். அவர் புகழ்ந்துதான் சொன்னார், எனக்கு மூஞ்சியில் அடித்தாற்போல் இருந்தது. என் பொண்ணு தெரியாமப் போட்டுட்டா, வண்டி விற்கலைங்க என்றேன். யோசிச்சு வைங்க, அடுத்த மாசம் திரும்ப வரேன் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். உன் அப்பா அவருக்கு டீ வேறு கொடுத்து உபசரித்தார், நடுவில் நிற்கிறேன் என்று சொல்லிக்கொண்டு உன் பக்கம்தான் நிற்கிறார்.

அந்தக் கோபத்தில் ஒரு காரியம் செய்தேன், சிரிக்காதே. உன் அறையில் இருந்த பழைய இரும்பு பீரோ, சாத்தினாலும் கதவு தானாகத் திறந்துகொள்ளுமே, அதை உன் தம்பியையும் அவனுடைய லைட்டுக் கடை ஆளையும் கூப்பிட்டு வண்டியில் ஏற்றச் சொன்னேன். வெல்டிங் கடைக்குக் கொண்டுபோகணும் என்று அவர்களிடம் சொன்னேன். வெல்டிங் கடைப் பக்கமே போகவில்லை. ஒரு வாரத்துக்கு மேல் அந்த பீரோ என்னோடு காய்கறி வாங்க வந்தது, பேங்க்குக்கு வந்தது, கர்ட்டன் மாட்டப் போன வீடுகளுக்கெல்லாம் வந்தது. எவ்வளவு கயிறு போட்டுக் கட்டியும் ஒவ்வொரு வளைவிலும் கதவு டமால் டமால் என்று அடித்துக்கொள்ளும், தெருவே திரும்பிப் பார்க்கும். பார்க்கட்டும், அதற்குத்தானே ஏற்றியது. என்ன, பீரோவுக்கு ஊரைச் சுத்திக் காட்டுறியா, அடுத்த வாரம் கட்டிலைக் கூட்டிக்கிட்டுப் போவியா என்று அப்பா கேட்டார். உங்க பொண்ணு கேட்டா வண்டி நிறைய லோடுன்னு சொல்லுங்க என்றேன்.

நம் தெருவில் ஒரு பழக்கம் உண்டு, நீ மறந்திருப்பாய். யாருக்காவது வண்டி வேண்டுமென்றால் எடுத்த உடனே வந்து கேட்க மாட்டார்கள். முதலில் வண்டியின் பக்கவாட்டில் கையை ஊன்றி எக்கி உள்ளே பார்ப்பார்கள். காலியாக இருந்தால் நம் வீட்டு மணியை அடிப்பார்கள், ஏதாவது இருந்தால் அக்காவுக்கு வேலை இருக்கு என்று சத்தமில்லாமல் போய்விடுவார்கள். கேட்டுவிட்டு இல்லையென்ற பதிலை வாங்கும் சங்கடம் அவர்களுக்கும் இல்லை, இல்லையென்று சொல்லும் சங்கடம் எனக்கும் இல்லை. எப்போதாவது ஒரு பிரிட்ஜ், ஒரு மெத்தை, வீடு மாறுகிறவர்களின் மூட்டை முடிச்சு என்று போகும். அதையெல்லாம் நான் லோடு என்று நினைத்ததே இல்லை, அதனால்தான் நீ கேட்டபோது எனக்கு ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

எதிர் வீட்டு நர்ஸ், எப்போதும் யூனிஃபார்மோடு ஓடிக்கொண்டே இருக்குமே அந்தப் பெண், அவளுடைய அப்பா பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார். போன வாரம் ஒருநாள் காலையில் நான் ஜன்னலோரம் தைத்துக்கொண்டிருந்தபோது அவள் வந்து வண்டிக்குள் எக்கிப் பார்த்தாள். பீரோ இருந்தது. திரும்பிப் போய்விட்டாள். என் புத்தி போன போக்கைப் பார், நல்லா பாக்கட்டும், சும்மா நிற்கிற வண்டி இல்லைன்னு தெரியட்டும் என்று உள்ளுக்குள் ஒரே சந்தோஷம் எனக்கு. மத்தியானம் அவள் வாசலில் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. அந்த மனிதரைத் தூக்கிக்கொண்டு போய் முன் அறையில் தரையில் மெத்தை போட்டு இறக்குகிறார்கள், அவர் வலியில் போட்ட சத்தம் என் மெஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டது. ஓடிப் போய், ஏம்மா தரையில போடறே என்றேன். தலைப்பக்கம் தூக்கி வைக்கிற மாதிரி ஆஸ்பத்திரிக் கட்டில், நோயாளிகளுக்கு இரவல் கொடுக்கிற ஓர் இடத்தில் சொல்லி வைத்திருக்கிறாளாம், எடுத்துவரத்தான் வண்டி கிடைக்கவில்லையாம். என்னைக் கேட்கக் கூடாதா என்று சத்தம் போட்டேன். வண்டியில லோடு இருந்துச்சே அக்கா, உங்க வேலையைக் கெடுக்க வேணாம்னு வந்துட்டேன் என்றாள்.

எனக்கு வெட்கத்தில் காது இரண்டும் சுட்டது. தம்பி கடையில் இருந்தான், அவன் வரும்வரை காத்திருக்க நேரமில்லை. நானே வண்டியில் ஏறிக் கயிற்றை அவிழ்த்தேன். நானும் அவளும் தள்ள, அப்பா முழங்காலைப் பிடித்துக்கொண்டு கீழே நின்று இடது, வலது, மெதுவா என்று அதிகாரம் பண்ண, பீரோ நடுத்தெருவில் குப்புற விழுந்தது. கதவு கழன்று தனியாகப் போனது, ஒருவழியாக அந்தக் கதவுப் பிரச்சினை தீர்ந்தது. அப்பாவை நாற்காலி போட்டு அதற்குக் காவல் வைத்துவிட்டுப் பறந்தோம். கட்டில் கொடுக்கிற இடத்தில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார்கள், நான் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லை, மறுபடி தூக்கினார்கள். கட்டில் நம் வண்டிக்கென்றே அளவெடுத்துச் செய்தது போல உட்கார்ந்தது. அப்பா அடித்த பெயிண்டில் இப்போது நல்ல நீளமாக ஒரு கீறல் இருக்கிறது, மீன் தொட்டிக்காரர் வரட்டும், கூப்பிட்டுக் காட்டுகிறேன். அந்த மனிதரைக் கட்டிலில் ஏற்றித் தலைப்பக்கம் தூக்கி வைத்ததும் முனகல் நின்றது, கொஞ்ச நேரத்தில் வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டார். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், எனக்கு அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. காற்றை ஏற்றிக்கொண்டு போகிறாய் என்றாயே, ஆமாம் வாலு, காற்றைத்தான் ஏற்றுகிறேன். அந்தக் காற்று இருந்த இடத்தில் நான் வீம்புக்கு ஒரு பீரோவை வைத்தேன், ஒரு மனிதர் தரையில் கிடந்தார். காலியாக நிற்பதுதான் அந்த வண்டியின் வேலை, அந்த வேலையை அது ஒருநாள் விடாமல் செய்கிறது. உன் ஆபீஸ் கணக்கில் இதற்கு ஒரு கட்டம் இருந்தால் போட்டுக்கொள், இல்லாவிட்டால் போ.

இனிச் சொல்லப் போவதுதான் நான் உண்மையில் எழுத உட்கார்ந்தது. பீரோவைப் பழைய இரும்புக்காரர் எடுத்துப் போய்விட்டார், உன் அறை இன்னும் அகலமாகிவிட்டது. தம்பி வந்து பார்த்தான். பல்பு பெட்டிகளை இங்கே அடுக்கிக்கிறேம்மா, கடையில இடமே இல்லை என்றான். அக்கா ரூம்லயாடா என்றேன். அக்கா இங்க கடைசியா எப்போ படுத்தா, யோசிச்சுச் சொல்லு என்றான். அச்சு அசல் உன் கேள்வி, ஒரே வயிற்றில் பிறந்ததுகள்தானே. நான் துடைப்பத்தைத் தேடியதைப் பார்த்துவிட்டு, அக்காவே சொல்லிட்டாம்மா என்று உளறிவிட்டான். அந்த ரூம் சும்மாதானே கிடக்கு, நீ எடுத்துக்கோ, நாங்க வந்தா ரெண்டு நாள் ஹோட்டல்ல தங்கிக்கிறோம், அம்மாவுக்கும் சிரமம் இல்லை என்று சொன்னாயாமே. வண்டியை விற்கச் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. இதைக் கேட்டபோது கோபமே வரவில்லை, வலித்தது. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் மூலையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்துகிற ஆளா நான்? ஒரு பல்பு பெட்டி அந்த அறையின் நிலைப்படியைத் தாண்டினாலும் அதைத் தெருவில் பீரோ விழுந்த இடத்திலேயே தேட வேண்டியிருக்கும் என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன். அறையைக் கழுவிவிட்டேன். உனக்குப் பிடித்த சாம்பல் நிறத்தில் புதுக் கர்ட்டன் தைத்து மாட்டியிருக்கிறேன், கட்டிலில் விரிப்பு மாற்றியிருக்கிறேன். நீ எத்தனை நாள் வந்து படுக்கிறாய் என்று நான் எண்ணப் போவதில்லை, நீயும் எண்ணாதே. வேலை பிடிக்காமலோ, மாப்பிள்ளையோடு சண்டை போட்டுக்கொண்டோ, இல்லை ஒன்றுமே இல்லாமல் அம்மாவைப் பார்க்க வேண்டும் போலிருந்தோ, சொல்லாமல் கொள்ளாமல் ஒருநாள் வந்து நிற்பாய். அந்த நர்ஸ் பெண் மாதிரி நீயும் எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே லோடு இருக்கிறதே என்று சத்தமில்லாமல் திரும்பிப் போய்விடக் கூடாது. அந்த அறை காலியாகத்தான் இருக்கும். நான் இருக்கிறவரை அதில் யாரும் கை வைக்க முடியாது, நீ உள்பட.

மாப்பிள்ளைக்கு என் ஆசிகளைச் சொல்லு, அவரிடம் எனக்கு ஒரு கோபமும் இல்லை என்றும் சொல்லு. நீங்கள் இரண்டு பேரும் நோய்நொடி இல்லாமல், மனசு நிறைந்து இருக்க வேண்டும். வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. இந்தக் கடிதம் கையில் கிடைத்ததும் முதல் வேலையாக அந்த விளம்பரத்தை எடு, நைட்டியையும் சேர்த்து எடு. வருகிற தேதி தெரிந்தால் சொல்லு, டாக்சி பேசாதே, ஏர்போர்ட்டுக்கு நானே ஓட்டிக்கொண்டு வருவேன். எத்தனை பெட்டி வேண்டுமானாலும் கொண்டு வா. பின்னால் காலியாகத்தான் இருக்கும்.

இப்படிக்கு,
எதையும் விற்காத உன் அம்மா