இல்லாத மூடுபனி

மார்ச் 4

தம்பிக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்கும் மனநிலையில் நான் இல்லை. நலமாகத்தான் இருப்பாய், புத்தகத்தின் பின்னட்டையில் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறாயே.

நம் பாய்மரப் படகு கிளப் வெளியிடப்போகும் ‘பெருங்கடல் ஓட்டத்தின் ஐம்பது ஆண்டுகள்’ நேற்று தபாலில் வந்தது. பழைய போட்டியாளர்களுக்கு முன்கூட்டியே அனுப்புகிறார்களாம். எழுதியவர் என் தம்பி என்று தபால்காரரிடம்கூடப் பீற்றிக்கொண்டேன். முன்பகுதியை ரசித்துத்தான் படித்தேன். சாப்பாட்டு மேசையில் இரண்டு வியாபாரிகள் கட்டிய பந்தயத்தில் எல்லாம் ஆரம்பித்ததையும், முதல் ஓட்டத்தில் பாய் பிடித்தவர்களைவிட வாந்தி எடுத்தவர்களே அதிகம் என்பதையும் அழகாக எழுதியிருக்கிறாய். இரண்டாம் ஓட்டத்தில் திரும்பி வராத படகைப் பற்றிப் படித்தபோது கண் கலங்கிவிட்டது. உதவி கேட்டு அது விட்ட சிவப்பு வாணத்தை மற்றப் படகுகள் பார்த்தும், பரிசை நினைத்து ஒன்றுகூடத் திரும்பவில்லை. அதற்காகத்தான் இன்றும் ஓட்டம் தொடங்குமுன் மணி அடிக்கிறோம். வாணம் கண்டவர் திரும்பியே ஆக வேண்டும் என்ற விதியும் அப்படித்தான் வந்தது. இதை எழுதிய அதே கை, ஆறு வருடத்துக்கு முந்தைய என் ஓட்டத்தைப் பற்றி எழுதியது இது:

“முன்னணியில் சென்ற இப்படகு, மூடுபனியில் வழி தவறி, ஒன்பதாவதாகக் கரை சேர்ந்தது.”

எந்த மூடுபனி? பட்டப்பகல். வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. காற்றுதான் பேயாய் அடித்தது. அதே ஓட்டத்தில் வந்த உன் படகு, சுக்கான் கழன்று, பாறைகளை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. நீ விட்ட வாணத்தைப் பார்த்துத்தான் திரும்பினேன். வடம் வீசி, உன் படகைக் கட்டி இழுத்து, தீவின் மறைவில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். அங்கே நீ என்ன சொன்னாய்? “அக்கா, வெளியில சொல்லிடாதே. கடல்ல ஒருதரம்கூட ஓட்டிப் பாக்காம நான் மாட்டின சுக்கான்னு தெரிஞ்சா, என் படகுப் பட்டறைய இழுத்து மூட வேண்டியதுதான்.”

உதவப் போய் இழந்த நேரத்தைக் கேட்டால் கழித்துத் தருவார்கள். கழித்திருந்தால் கோப்பை எங்களுக்கு. ஆனால் கேட்டால் விசாரணை நடக்கும். விசாரணையில் உன் சுக்கான் வரும். வாயை மூடிக்கொண்டேன். என்னோடு வந்தவர்களின் வாயையும் அடைத்தேன். அவர்களில் பாய் தைப்பவள் மட்டும், “உங்க தம்பிக்காக நாங்க ஏன் தோக்கணும்?” என்று கேட்டாள். அதன்பிறகு அவள் என் படகில் ஏறவில்லை.

நான் பாராட்டா கேட்டேன்? ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கலாமே! துறைமுகத்துக்குள் கப்பல்களை வழிகாட்டிக் கூட்டி வருவது என் பிழைப்பு. அந்த நான் வழி தவறினேனாம். இன்று காலை ஒரு கப்பலில் ஏறும்போதே, “மேடம், இன்னைக்குப் பனி இல்லையே?” என்று ஒருவன் இளித்தான். புத்தகம் அதற்குள் அங்கேயும் போயிருக்கிறது.

திருத்து.

அக்கா

மார்ச் 12

அன்புள்ள அக்கா,

உன் கடிதத்தைக் கையில் எடுத்தாலே சுடுகிறது. கோபம் தணிந்த பிறகு படி என்று உறையின் மேல் எழுதிவிடலாமா என்று பார்க்கிறேன். அப்புறம் நீ ஜென்மத்துக்கும் பிரிக்க மாட்டாய்.

முன்னணியில் இருந்த படகு எப்படி ஒன்பதாவதாக வந்தது என்று புத்தகக் குழுவில் கேட்டார்கள். வாய்க்கு வந்தது மூடுபனி. அதில் யாருக்கும் பொல்லாப்பு இல்லை என்று நினைத்தேன். கிளப்பின் பயிற்சிப் படகுகளைக் கட்டும் வேலை இப்போதுதான் பட்டறைக்குக் கிடைத்திருக்கிறது. எத்தனை குடும்பங்கள் அதை நம்பி இருக்கின்றன என்று உனக்கே தெரியும்.

ஒரு வரிதானே அக்கா? உன்னைத் தெரிந்தவர்கள் யாரும் நம்பப் போவதில்லை. சின்ன வயதில் நான் உடைத்த ஜன்னலுக்கு நீதானே அடி வாங்கினாய்? உனக்குத் தாங்கத் தெரியும்.

அடுத்த மாதம் வெளியீட்டு விழா. கட்டாயம் வா. “அத்தை எப்ப வருவாங்க?” என்று பாப்பா நச்சரிக்கிறாள்.

உன் தம்பி

மார்ச் 15

தம்பிக்கு,

ஜன்னலை நினைவுபடுத்தியது நல்லதாயிற்று. அப்பா கை ஓங்கினார், நான் குறுக்கே வந்தேன். ஆனால் அன்றைக்கு நீ “அக்காதான் உடைச்சா” என்று சொல்லவில்லை. மூலையில் நின்று அழுதாய். இப்போது சொல்லியிருக்கிறாய், அதுவும் அச்சில்.

தாங்கத் தெரியுமாம்! தாங்குகிறவள் என்றால் தலையில் எதை வேண்டுமானாலும் ஏற்றலாமா?

விழாவுக்கு வருகிறேன். சுக்கானைப் பற்றி நீ ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம். மேடையில், “அன்று மூடுபனி இல்லை, என் அக்கா வழி தவறவில்லை” என்று மட்டும் சொல். அது போதும். உன் பட்டறை உனக்கு.

இந்த வருட ஓட்டத்துக்கு நானும் பெயர் கொடுத்திருக்கிறேன். பாய் தைப்பவள் வீட்டுக்குப் போய் வாசலிலேயே நின்று கேட்டேன். ஒரு நிபந்தனையோடு வருகிறாள்.

அக்கா

ஏப்ரல் 20

அன்புள்ள அக்கா,

மேடை ஏறும்வரை சொல்லத்தான் இருந்தேன். சத்தியம். முன் வரிசையில் கிளப் தலைவர் உட்கார்ந்திருந்தார். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. அடுத்த பதிப்பில் கண்டிப்பாகப் பார்க்கலாம்.

நீ கடைசி வரிசையில் நின்றிருந்தாயாமே, பிறகுதான் சொன்னார்கள். நான் பார்க்கவே இல்லை. சாப்பிடாமல் போய்விட்டாய் என்று பாப்பாவுக்கு வருத்தம்.

ஓட்டத்தில் நானும் இருக்கிறேன், பட்டறையின் புதுப் படகோடு. கடலில் பார்ப்போம். கோபத்தைக் கரையில் விட்டுவிட்டு வா.

உன் தம்பி

ஏப்ரல் 27

புதுப் படகின் தலைவருக்கு,

விழாவில் நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நான் கை தூக்கினேன்; நீங்கள் தண்ணீர் எடுத்துக் குடித்தீர்கள்.

அடுத்த பதிப்பு வேண்டாம். பாப்பாவுக்கு என் வீட்டுக் கதவு எப்போதும் திறந்திருக்கும். அவள் எதையும் உடைக்கவில்லை.

நாளை மணி அடித்ததும் கிளம்புகிறோம்; அதனால்தான் இதைத் தபாலில் போடாமல் ஆள் மூலம் கொடுத்தனுப்புகிறேன். பாய் தைப்பவளின் நிபந்தனையை நீங்களும் தெரிந்துகொள்வது நல்லது: யாருக்காகத் திரும்பினாலும், இழந்த நேரத்தைக் கேட்டு வாங்க வேண்டும். விசாரணையில் கேட்டதற்கெல்லாம் உள்ளது உள்ளபடி பதில் சொல்ல வேண்டும். சரி என்றுவிட்டேன்.

புதுச் சுக்கானைக் கடலில் ஓட்டிப் பார்த்துவிட்டீர்களா? இல்லையென்றால் இன்று மாலைக்குள் பாருங்கள். உங்களோடு வருகிறவர்களுக்கும் வீடு இருக்கிறது.

அந்தப் பழைய வடம் என் படகில்தான் இருக்கிறது. நீங்கள் வாணம் விட்டால் இந்த முறையும் திரும்புவேன். அதற்கு நீங்கள் என் தம்பியாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

இப்படிக்கு,
ஒன்பதாவதாக வந்த படகின் தலைவி