திமில் முளைத்த குதிரைக் கவசம்

மாப்பிள்ளை,

காலையில் உன் வீட்டுக்குள் நுழைந்ததும் விளக்கெண்ணெய் வாடை. துருவேறாமல் இருக்கக் கவசத்துக்கு நீ தடவிய எண்ணெய். நீ கண்ணை மூடி ஒரு மழைக்காலம் கழிந்தும் அது போகவில்லை. அந்தக் கவசத்தைப் பார்க்கத்தான் பழம்பொருள் இலாகா அதிகாரி இன்று வருவதாக இருந்தது.

"ஏனுங்கண்ணா, கவசத்தோட அவரு பேரையும் எழுதி வெப்பாங்களா?" என்றாள் உன் மனைவி.

"வெக்காம?" என்றேன். எப்போதும் சரளமாகப் புளுகும் நான் இன்று அதோடு நிறுத்திக்கொண்டேன். காரணம், கவசத்தில் இருந்த அந்தத் திமில்.

எருத்தேன்பதியில் உன் கிணறு வெட்டும்போது துருப்பிடித்த கடிவாளமும் துளை போட்ட இரும்புத் தகடுகளும் கிடைத்தன. போர்க்குதிரைக் கவசம் என்று நீ குதித்தாய். கடிவாளம் உனக்குத்தான் வேண்டும் என்றது ஊர். தகடுகள் குதிரையின் மார்புக்கே காணாது. மிச்சத்தைப் பாக்குமட்டையில் வெட்டிக் கோத்தாய். மட்டைக்கும் கறுப்புச் சாயம் பூசினால் எடுப்பாக இருக்குமே என்றேன். நீ விடவில்லை.

"கண்டது இரும்பு மச்சா, நெனச்சது மட்டை. ரெண்டையுங் கலந்தா நாளைக்கு நாமளே நம்பிப்போடுவோம்."

அளவு பார்க்க நம் ஊரில் குதிரை ஏது? என் செவலைக் காளையை நிறுத்தினோம். பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைபோல் அது அசையாமல் நின்றது. கழுத்து முடிகிற இடத்தில் மட்டை அழகாக மேலெழும்பியது. இருவரும் மெச்சிக்கொண்டோம்.

நீ போன பிறகு ஒருநாள் கொழிஞ்சாம்பாறைச் சாலையில் ஒரு ஜட்காக் குதிரையின் திமிலில்லாத முதுகைப் பார்த்து நடுரோட்டில் நின்றுவிட்டேன். "ஏனுங்க, குதிரையப் பாத்ததில்லீங்களா?" என்றான் வண்டிக்காரன். பார்த்திருக்கிறேன், பார்க்க வேண்டிய இடத்தைப் பார்த்ததில்லை.

இன்று அதிகாரி வருவதற்குள் திமிலை அறுத்துவிடப் பேனாக்கத்தியை எடுத்தேன். நீ போட்ட முடிச்சு. அறுக்க மனசு வரவில்லை. அதற்குள் வாசலில் வண்டி நின்றது.

கவசத்தைச் சுற்றி வந்த அதிகாரி திமிலருகிலேயே நின்றார். "இங்க மட்டும் ஏன் மேடா இருக்கு?"

கதவோரம் உன் மனைவி.

"அது... என் காளையோட திமிலுங்க," என்றேன். முழுக்கதையும் கொட்டினேன். மனிதர் வயிறு குலுங்கச் சிரித்தார். அவள் முகம் தொங்கிப்போயிற்று. போயிற்று, எல்லாம் போயிற்று என்று நினைத்தேன்.

அவர் குனிந்து ஒவ்வொரு தகட்டையும் நகத்தால் தட்டினார். "இது இரும்பு, இது மட்டை. எங்கயும் கலக்கலையே?"

"அவரு கலக்க விடலீங்க."

உன் முடிச்சை மெல்ல அவிழ்த்துத் திமிலைக் கழற்றி என் கையில் கொடுத்தார். இரும்பு ஒன்றும் அசையவில்லை. "பழசு எது, புதுசு எதுன்னு தெரியாமக் கலந்துதான் எல்லாரும் கொண்டாராங்க. இதுல தப்பை மட்டும் தனியாக் கழட்ட முடியுது," என்றார். பிறகு பேனாவைத் திறந்து கதவுப் பக்கம் திரும்பினார். "அவர் முழுப் பேர் சொல்லுங்கம்மா."

திமில் இப்போது என் வீட்டில். சாயங்காலம் கடைத்தெருவில் ஒரு வம்புக்கதையை ஆரம்பித்தவன், பாதியில் நிறுத்தி, "இதுவரைக்கும் கண்டது, இரும்புங்க; இனிமே நெனச்சது, மட்டை," என்றேன்.

ஒருவரும் எழுந்து போகவில்லை, மாப்பிள்ளை. மட்டைக்குத்தான் காத்திருந்தார்கள்.