சுவர் பார்க்கப் போன செவ்வாய்க்கிழமைகள்

லாத்தா,

இன்று காலை முட்டிக்குத் தடவும் களிம்பு வாங்க ஆர்மேனியன் ஸ்ட்ரீட் பக்கம் போயிருந்தேன். திரும்பும்போது வெயிலுக்குப் பயந்து குறுக்குச் சந்தில் நுழைந்ததுமே பெயிண்ட் வாடை மூக்கில் ஏறியது. சாரத்தில் நின்றுகொண்டு ஒருவர் சுவரில் வரைந்திருந்த நம் ஆட்டின் மேல் வெள்ளை அடித்துக்கொண்டிருந்தார். பழைய கடைவீட்டின் மாடி ஜன்னலிலிருந்து குதிக்கப் பார்க்குமே, அந்த ஆடுதான். பின்னங்கால்கள் போய்விட்டன. கொம்பும் தாடியும் மட்டும் மிச்சம்.

“அக்கா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க லா, தெறிக்கும்” என்றார்.

“ஏன் தம்பி அழிக்கிறீங்க?”

“வெளுத்துப் போச்சுக்கா. வேற படம் வரையப் போறாங்களாம்.”

தலையாட்டிவிட்டு எதிர்க்கடை அஞ்சடி நடைபாதையில் உட்கார்ந்துவிட்டேன். நடக்க முடியாமல் இல்லை. இப்போதெல்லாம் எங்கே போனாலும் உட்கார இடம் இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்கிறேன். உங்களோடு நடந்த நாட்களில் அந்த எண்ணமே வந்ததில்லை.

அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டவர்கள் நாம். மூத்தவருடைய மனைவி என்பதால் உங்களை லாத்தா என்று கூப்பிட ஆரம்பித்தேன். போகப் போக அது முறைக்காகக் கூப்பிட்டது என்பதே எனக்கு மறந்துபோனது. மாமனாரின் நாசி கண்டார் சாப்பாட்டுக் கடை கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையை ஒட்டி இருந்தவரை, ஒரே அடுப்படியில் நீங்கள் மீன் கழுவ நான் வெங்காயம் உரித்தேன். அவர் மௌத்தானதும் சண்டை ஆரம்பித்தது. கடலுக்கு அக்கரையில் பத்து காவான் பக்கம் ஃபேக்டரிகள் வருகின்றன, கடையை அங்கே கொண்டுபோகலாம் என்றார் உங்கள் வீட்டுக்காரர். அத்தா மூட்டிய அடுப்பை அணைக்க மாட்டேன் என்றார் என் வீட்டுக்காரர். அதோடு நின்றிருந்தால் பேசித் தீர்த்திருக்கலாம். சொந்தத்தில் ஒரு கல்யாண விருந்தில், எல்லோரும் சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பாட்டில் கை வைத்திருந்த நேரத்தில், “அத்தாவோட கடைசி காலத்துல நீ எங்க இருந்தே?” என்று என் வீட்டுக்காரர் அண்ணனைப் பார்த்துக் கேட்டுவிட்டார். உங்கள் வீட்டுக்காரர் கை கழுவிக்கொண்டு எழுந்தார். நீங்களும் எழுந்தீர்கள். வாசலில் செருப்பு மாட்டும்போது என்னை ஒரு பார்வை பார்த்தீர்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு இந்த வீடு இல்லை, இந்த வீட்டுக்கு அந்த வீடு இல்லை என்றானது. நம் இருவரையும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நீங்கள் பத்து காவானுக்குக் குடி போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கும். ஒரு நாள் மத்தியானம் இதே சந்தில், கறிவேப்பிலைப் பையும் கையுமாக உச்சி வெயிலில் நின்று சுவரை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான் அப்படியே நின்றுவிட்டேன். முகத்தைத் திருப்பிக்கொள்வீர்களோ என்று பயம். நீங்களோ, நேற்றுதான் பிரிந்துபோனவர் மாதிரி, “ஏய், நீயா? இந்த ஆட்டைப் பாத்தியா? இறங்க வழியில்லாம மாட்டிக்கிச்சு, பாவம்” என்றீர்கள். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன.

செவ்வாய்க்கிழமைதோறும் உங்கள் மகன் காரில் கொண்டுவந்து ஜெலுத்தோங்கில் உங்கள் உம்மா இருந்த ஃபிளாட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போவான், சாயங்காலம் வந்து கூட்டிப்போவான் என்று சொன்னீர்கள். உம்மா மத்தியானம் தூங்கிவிடுவார். பாசாருக்குக் காய் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டால் டவுன். எனக்கும் அதுதான் தோதான நேரம். மத்தியானக் கூட்டத்தில் என் வீட்டுக்காரருக்குக் கடையை விட்டுத் தலை நிமிர நேரம் இருக்காது.

“உம்மா வீட்டுக்கே வரட்டுமா?” என்று கேட்டேன்.

“வேணாம். அங்க என் தம்பி பொண்டாட்டி இருக்கா. அன்னைக்கே ஊருக்கெல்லாம் தெரிஞ்சிரும். இங்கதான் நல்லது. நம்ம ஆளுங்க எவனும் சுவத்தைப் பாக்க வரமாட்டான்.”

உண்மைதான். வெள்ளைக்காரர்களும் கோலாலம்பூர்ப் பிள்ளைகளும் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொள்ளும் இடத்துக்கு, இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த நம் சொந்தக்காரர்கள் எதற்கு வரப்போகிறார்கள்? அப்படித்தான் நாம் சுவர் பார்க்கக் கற்றுக்கொண்டோம். ஒளிந்துகொள்ள வந்த இடத்தில் வேறு எதைப் பார்ப்பது?

ஆறு வருஷம் இருக்குமா, லாத்தா? நோன்பு மாசத்திலும், பிள்ளைகளுக்கு உடம்பு சரியில்லாத நாட்களிலும் வராமல் இருந்திருப்போம். மற்றபடி நடந்தோம். கேனன் ஸ்ட்ரீட்டில் ஏறி, சூலியா ஸ்ட்ரீட்டைக் கடந்து, கடலோரத்து மரவீடுகள் வரை போய்த் திரும்புவோம். நிழல் இருக்கும் பக்கமாகப் பார்த்து அஞ்சடிக்கு அஞ்சடி மாறுவோம். பையில் கட்டிய தே ஓ ஐஸ் டீயை நீங்கள் பாதி குடித்துவிட்டு என்னிடம் தருவீர்கள். ஒரு வீட்டு மாடியில் நிஜமாகவே துணி காய்ந்தது. அதற்குக் கீழே சுவரில் வரைந்த கொடியிலும் துணி காய்ந்தது. “கீழ இருக்கிறதை மடிக்க வேண்டியதில்ல. அந்த வீட்டுக்காரி புண்ணியம் செஞ்சவ” என்றீர்கள். இன்னொரு சந்தில் கூடை முடையும் பெண். வரைந்தவருக்கு அளவு தெரியவில்லை, கை ரொம்பப் பெரிசு என்றேன். “அளவெல்லாம் சரிதான். வேலை செய்ற கை பெருசாத்தான் தெரியும்” என்று உங்கள் கையைப் பக்கத்தில் நீட்டிக் காட்டினீர்கள்.

சுவரைவிட அதிகம் பேச்சுதான். உங்கள் வீட்டில் நடந்ததை நீங்களும் என் வீட்டில் நடந்ததை நானும் சொல்லிக்கொள்வோம். உங்கள் மகள் ஷமீமா பரீட்சை எழுதியதும், வேலைக்குச் சேர்ந்ததும் நடந்துகொண்டே நான் தெரிந்துகொண்டவைதான். அவளுடைய நிச்சயதார்த்தத்துக்கு எங்களை அழைக்கவில்லை. அடுத்த வாரம் அந்த விருந்துப் பலகாரத்தைத் துணியில் முடிந்து கொண்டுவந்தீர்கள். நின்றுகொண்டே தின்றேன். என் கண்ணைப் பார்க்காமல் நீங்கள் சுவரைப் பார்த்தபடி நின்றீர்கள்.

“இவ்வளவு தூரம் நடக்கிறீங்களே, கால் வலிக்கலையா?” என்று ஒரு தடவை கேட்டேன். “நடக்கிறப்பதான்டி நான் உக்காந்திருக்கிற மாதிரி இருக்கு” என்றீர்கள். அப்போது அது எனக்கு வேடிக்கையாக இருந்தது. இன்று அந்த அஞ்சடியில் உட்கார்ந்திருந்தபோதுதான், நடைதான் உங்களுக்கு ஓய்வாக இருந்தது என்று புரிந்தது.

ஒரு நாள் மாட்டிக்கொள்ளப் பார்த்தோம், நினைவிருக்கிறதா? கடையில் ஐஸ் தீர்ந்துபோய் என் வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நாம் நின்ற சந்துக்குள் வந்துவிட்டார். சத்தத்தை வைத்தே எனக்குத் தெரிந்துவிட்டது. நீங்கள் என் தோளைப் பிடித்துச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டீர்கள். இரண்டு பேரும் சுவரில் கூடை முடையும் அந்தப் பெண்ணின் கூடையை முகம் ஒட்டுகிற மாதிரி நின்று பார்த்தோம். “தெப்பி, தெப்பி” என்று மலாயில் ஒதுங்கச் சொல்லி, ஹார்ன் அடித்துக்கொண்டு, நம் முதுகை உரசுகிற மாதிரி போய்விட்டார். தெருமுனை தாண்டியதும் நீங்கள் வாயைப் பொத்திக்கொண்டீர்கள். “இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கான், பொண்டாட்டி முதுகைத் தெரியலையே!” உங்களுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது. அன்று நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போனபிறகு கொஞ்சம் வலித்தது.

இன்னொரு நாள், எங்கோ வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பெண் நம்மைச் சேர்த்து நிற்கவைத்துப் படம் எடுத்தாள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு விறைப்பாக நின்றோம். நம்மிடம் இருந்த கைப்பேசியில் எடுக்க நமக்குத் துணிவில்லை, பிள்ளைகள் பார்த்துவிடுவார்கள். நாம் இருவரும் சேர்ந்திருக்கும் அந்த ஒரே படம் யார் வீட்டில் இருக்கிறதோ.

பிறகு உங்கள் நடை குறைந்தது. கடலோரம் வரை போவது நின்று, சூலியா ஸ்ட்ரீட்டோடு திரும்ப ஆரம்பித்தோம். வெயில் ஜாஸ்தி என்றீர்கள். கால் வீங்கிச் செருப்பு வார் பதிந்திருந்ததைப் பார்த்துக் கேட்டபோது, உப்பு ஜாஸ்தி என்றீர்கள். கடைசி வாரம், தெருக்கோடியில் புதிதாக ஒரு படம் வந்திருப்பதாகச் சொல்லித்தான் என்னை அழைத்துப் போனீர்கள். பாதி வழியில் ஒரு சைக்கிள் கடை வாசலில் உட்கார்ந்துவிட்டீர்கள். முகம் மஞ்சளாக இருந்தது.

“நீ போய் பாத்துட்டு வந்து சொல்லு.”

“அடுத்த வாரம் சேர்ந்து பாக்கலாம் லாத்தா.”

“போயிட்டு வா லா” என்றீர்கள், கண்ணை மூடிக்கொண்டு.

போய்ப் பார்த்தேன். கிழட்டுப் பூனை ஒன்று மீன் கூடைக்குப் பக்கத்தில் தூங்குவது போல வரைந்திருந்தார்கள். வந்து சொன்னதும், “மீனைத் திங்கலையா?” என்று கேட்டீர்கள். “தூங்குது” என்றேன். “அதுக்கும் முடியல போல” என்றீர்கள்.

அதற்குப் பிறகு நீங்கள் வரவில்லை. ஈரலில் கட்டி என்று, கடைக்குச் சாப்பிட வந்த யாரோ என் வீட்டுக்காரரிடம் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அவர் அதை என்னிடம் சொன்னபோது, கேட்டுக்கொண்டு சும்மா இருக்க வேண்டிய செய்தி போலச் சொன்னார். நான் முக்காட்டை எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

“எங்க?”

“லாத்தாவைப் பாக்கப் போறேன்.”

“அவன் இருப்பான் அங்க.”

“இருக்கட்டும்” என்றேன். அவர் தடுக்கவில்லை, கூட வரவும் இல்லை.

ஃபெர்ரியில் அந்தக் கரைக்குப் போய், பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்கு வந்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் உங்கள் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டு வெளியே போய்விட்டார். நீங்கள் கண் திறந்து கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டு, “இன்னைக்கு செவ்வாய்க்கிழமையா?” என்று கேட்டீர்கள்.

அன்று வெள்ளிக்கிழமை. “ஆமா லாத்தா” என்றேன். நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டே தூங்கிப்போனீர்கள். நாம் பேசிக்கொண்டது அதுதான் கடைசி.

உங்கள் மையித்தை அடக்கத்துக்கு எடுத்த அன்று வீடு நிறைந்திருந்தது. “என்ன சண்டை இருந்தாலும் வந்துட்டியே, பெரிய மனசு” என்று ஒரு மாமி என் முதுகைத் தடவினார். “பாத்து எத்தனை வருஷம் இருக்கும்?” என்று இன்னொருவர் கேட்டார். எல்லோரும் என்னை விலகிப்போன சொந்தமாக நினைத்து ஆறுதல் சொன்னார்கள். வாசல் ஓரத்தில், செருப்புகளுக்குப் பக்கத்தில்தான் எனக்கு உட்கார இடம் கிடைத்தது.

கபர்ஸ்தானில் நடந்ததைச் சாயங்காலம் என் வீட்டுக்காரர் வந்து சொன்னார். மண் தள்ளி முடிந்து எல்லோரும் கலையும்போது, உங்கள் வீட்டுக்காரர் இவர் தோளில் கை வைத்து, “சாப்பிட்டியாடா?” என்று கேட்டாராம். இவர் அழுதுவிட்டாராம். அவ்வளவுதான், லாத்தா. அதோடு தீர்ந்துவிட்டது. இப்போது வாராவாரம் போய்வருகிறார்கள். உங்கள் கூடத்தில் உட்கார்ந்து இரண்டு பேரும் மீன் விலையைப் பற்றி உரக்கப் பேசுகிறார்கள். சந்தோஷப்பட வேண்டியதுதான். எனக்கு என்னவோ, நீண்ட தூரம் நடந்துவந்தபிறகு பக்கத்திலேயே வேறு வழி இருந்தது என்று யாரோ சொன்னது போல அசதியாக இருக்கிறது. அந்த ஒரு வார்த்தைக்கு நீங்கள் போய்ச்சேர வேண்டியிருந்ததா?

உங்கள் நாற்பதாம் நாள் பாத்திஹா முடிந்த பிறகு ஷமீமா ஒரு வேலையாக டவுனுக்கு வந்தவள், என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தாள். தண்ணீர் குடித்துவிட்டு, ஜன்னல் வழியாக, சுவர்ப்படம் பார்க்கப் போகிற கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: “அம்மா பாவம், சாச்சி. இந்த ஊர்லயே பொறந்தாங்க. இந்தப் படத்தையெல்லாம் ஒரு தடவை கூடப் பாத்ததில்ல. கூட்டிட்டுப் போறேன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். போகவே இல்ல.”

சொல்லலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. நாம் யாருக்கும் சொல்லக் கூடாது என்று சத்தியம் செய்துகொண்டதில்லை, அது தேவைப்படவில்லை. ஆனால் அந்தப் பிள்ளை, கூட்டிப்போகாத குற்றத்தைக் காலமெல்லாம் வைத்துக்கொண்டிருக்கப் போகிறது என்று தெரிந்தபோது என்னால் வாய் மூடி இருக்க முடியவில்லை.

“உங்கம்மா எல்லாத்தையும் பாத்திருக்காங்கம்மா” என்றேன். ஆதியிலிருந்து சொன்னேன்.

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். தண்ணீர் டம்ளரை எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு, “வீட்டுல எப்பவும் முடியல, முடியலன்னுதான் சொல்வாங்க. அவ்வளவு தூரம் நடப்பாங்களா?” என்றாள்.

“நடப்பாங்க. நான்தான் பின்னாடி ஓடணும்.”

பிறகு மெதுவாகக் கேட்டாள்: “சிரிப்பாங்களா, சாச்சி?”

உங்களோடு ஒரே வீட்டில் வளர்ந்த பிள்ளை கேட்கிற கேள்வியா இது, லாத்தா? உங்கள் மேல் கோபம்கூட வந்தது. பிறகு என் பிள்ளைகளிடம் கேட்டால் என்னைப் பற்றி என்ன சொல்வார்கள் என்று யோசித்தேன். கோபம் போய்விட்டது.

“சிரிப்பாங்க” என்றேன். “புரையேறுற அளவுக்குச் சிரிப்பாங்க.”

அவள் என் மடியில் தலை வைத்து அழுதாள். இப்போது அடிக்கடி ஃபோன் செய்கிறாள். நலம் விசாரித்துவிட்டு, “இன்னொண்ணு சொல்லுங்க சாச்சி” என்கிறாள். கால் வலியோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, நீங்கள் சிரித்த இன்னொரு நாளைத் தேடிப் பிடித்து அவளுக்குச் சொல்கிறேன்.