பின்பலகை

மார்ச் 3

அன்பு மகளுக்கு,

இறையருளால் இங்கு நலம். நீயும் மாப்பிள்ளையும், வாயாடியும், பல் முளைக்கிற வேதனையில் இருக்கும் உருண்டையும் நலமாயிருக்க நாள்தோறும் விளக்கின்முன் நின்று வேண்டுகிறேன்.

நீ கேட்டபடி உங்களுக்கென்று ஒரு பழைய மோட்டார் படகு தேடிப் பத்து நாள் அலைந்தேன். பயணிகள் லாஞ்சை நிறுத்திவிட்டார்கள் என்றபின், உங்கள் கரையிலிருந்து அக்கரைப் பள்ளிக்கும் உன் மருத்துவமனைக்கும் போய்வர ஒன்று வேண்டும்தான். கைக்குழந்தையோடு பாலத்தைச் சுற்றி ஒன்றரை மணி நேரம் பயணம் செய்வது தண்டனையன்றி வேறென்ன?

மூன்று படகுகள் பார்த்தேன். முதலாவது அலுமினியம், எடை குறைவு, உடலோ ஒல்லி. நான் ஒரு விளிம்பை மிதித்ததும் மறு விளிம்பு எழுந்து எனக்கு வணக்கம் சொல்லிற்று. வாயாடி ஓரிடத்தில் உட்காரும் பிறவியா? வேண்டாமென்று வந்துவிட்டேன்.

இரண்டாவது ஒரு புகைப்படக்காரருடையது. பதினான்கடிப் படகில் எழுபது குதிரைத்திறன் எஞ்சின்! "சார், கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள அக்கரை போயிடலாம்!" என்றார். "எந்த அக்கரை?" என்று கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்றாவது ஒரு மருந்துக்கடைக்காரரின் ஃபைபர் படகு. பதினாறடி நீளம், அகன்ற அடி, பிள்ளைகள் எட்டிப் பார்த்தாலும் விழாத அளவுக்குப் பக்கச்சுவர், முப்பது குதிரைத்திறன் எஞ்சின். எண்ணெய் தேன்நிறமாக இருந்தது; புரொப்பெல்லரின் விளிம்பில் ஒரு வடு இல்லை. எஞ்சினின் பாரம் முழுவதையும் தாங்குவது பின்பலகைதான் என்பது உனக்குத் தெரியும். வெளியே ஃபைபர் தோல், உள்ளே மரம். திருகாணித் துளை வழியே நீர் இறங்கினால், வெளிமெருகு குலையாமலே உள்ளே மக்கிப்போகும். ஆகவே என் சின்னக் கொட்டாப்புளியால் அங்குலம் அங்குலமாகத் தட்டினேன். நல்ல மரம் கணீரென்னும். மக்கிய மரம் ஈரத்துணியை அடித்தாற்போல் மொத்தென்னும். இந்தப் பலகை எங்கு தட்டினாலும் ஒரே குரலில் பதில் சொன்னது. இதையே கொள்க என்பது என் முடிவு.

பதிலைக் கடிதமாகவே எழுது. வீட்டுத் தொலைபேசியில் எப்போதும் இரைச்சல்.

உன் நலமே தன் வழிபாடாகக் கொண்ட
அப்பா

மார்ச் 9

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை இவர் இரண்டு முறை உரக்கப் படித்தார். அலுமினியப் படகு வணக்கம் சொன்ன இடத்தில் வாயாடி விழுந்து விழுந்து சிரித்தாள். "அந்தப் படகையே வாங்குப்பா, அதான் மரியாதையான படகு" என்கிறாள். உருண்டைக்குக் கீழே இரண்டு பல் வந்துவிட்டது. என் விரலில் சோதித்துப் பார்த்துவிட்டாள்.

மருந்துக்கடைக்காரர் படகு இவருக்கு மிகவும் பிடித்துவிட்டது. எனக்கும்தான். ஆனால் அப்பா, ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. வாங்குவதற்குமுன் வேறொருவர் ஒருமுறை ஈரமானி வைத்துப் பார்க்கட்டுமா?

ஏன் என்று கேட்பீர்கள். சென்ற முறை நீங்கள் இங்கே வந்திருந்தபோது குக்கர் ஏழு விசில் அடித்தது. நீங்கள் அதற்குப் பக்கத்தில்தான் பாராயணப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தீர்கள். உருண்டை உங்கள் முதுகுக்குப் பின்னால் தொண்டை கிழிய அழுதாள். நீங்கள் பக்கம் புரட்டினீர்கள். அன்றைக்கு நான் எதுவும் சொல்லவில்லை. படிப்பில் ஆழ்ந்துவிட்டீர்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நர்ஸாக இருந்துகொண்டு அப்படிச் சொல்லிக்கொண்டது என் தப்பு.

தொலைபேசியில் இரைச்சல் என்கிறீர்கள். உங்களோடு இருக்கும் தம்பி அதே தொலைபேசியில்தான் என்னோடு பேசுகிறான். எனக்கு ஒரு இரைச்சலும் இல்லை.

பலகை ஒரே குரலில் பதில் சொன்னது என்று எழுதியிருக்கிறீர்கள். அது கணீர் என்றதா, மொத்தென்றதா என்று எழுதவில்லை.

அன்பு மாறாத
உங்கள் மகள்

மார்ச் 13

மதிப்பிற்குரிய மகளார் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. தங்கள் கூர்த்த கவனிப்புக்கு நன்றி. தங்களைப் போன்ற மருத்துவ அறிவுடையோர் இருக்கையில் இத்தகப்பன் இனி எதற்கும் வாய் திறக்கலாகாது என்பதை உணர்ந்துகொண்டேன்.

முப்பத்தோராண்டு படகுப் பரிசோதகனாகப் பணியாற்றினேன். நான் தகுதிச் சான்று தந்த படகுகளில் ஒன்றேனும் குறையென்று திரும்பி வந்ததில்லை. ஈரமானியை நம்பியா அவற்றைச் சோதித்தேன்? முன்னோர் கல்வியறிவையே கேள்வி என்று அழைத்தார்கள். மறைகள் ஏட்டில் ஏறுமுன் எத்தனையோ தலைமுறை செவியில் வாழ்ந்தன. ஈரமானி என்பது கேட்கத் தெரியாதவன் பையில் வைத்துக்கொள்ளும் பொம்மை. இதை அலுவலகத்தில் எல்லார் முன்னும் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

படகைப் பேசி முடித்தாயிற்று. பதினெட்டாம் தேதி லாரியில் தங்கள் கரைக்கு வந்து சேரும். மாப்பிள்ளை மகிழ்ச்சியோடு சம்மதித்துவிட்டார். அவருக்கேனும் இக்கிழவன்மீது நம்பிக்கை இருப்பது ஆறுதல்.

இங்ஙனம்,
தங்கள் தகப்பன்

மார்ச் 21

அன்புள்ள அப்பாவுக்கு,

என்னைத் 'தாங்கள்' என்று அழைக்க ஆரம்பித்தால் உங்கள் கோபம் எத்தனை படி ஏறியிருக்கிறது என்று சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும். பத்தாவது பரீட்சையில் கணக்கில் தோற்றபோது ஒரு வாரம் நான் 'மகளார்' ஆக இருந்தேன்.

படகு வந்துவிட்டது. அழகாக இருக்கிறது. இவர் அதற்குச் சோப்புப் போட்டுக் குளிப்பாட்டுகிறார். எனக்குக்கூட இத்தனை பணிவிடை செய்ததில்லை. வரும் முப்பதாம் தேதி, ஞாயிறு காலை, நால்வரும் முதல் பயணம் போவதாக நாள் குறித்துவிட்டார். நம் கரையிலிருந்து நடு ஆழத்தைத் தாண்டி அக்கரைவரை.

ஒரு மெக்கானிக்கைக் கூப்பிடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். "மாமா தட்டிப் பாத்துட்டாரு. அதுக்கு மேல ஒருத்தரக் கூட்டிட்டு வந்தா நாளைக்கு அவர் மூஞ்சில நான் எப்படி முழிக்கறது?" என்கிறார். உங்களுக்கும் இவருக்கும் தெரியாமல் நானே கூப்பிடலாம். உங்கள் முதுகுக்குப் பின்னால் அதைச் செய்ய மனம் வரவில்லை.

எனக்கு ஒரே ஒரு வரி எழுதுங்கள். தட்டியபோது உங்களுக்கு ஒலி கேட்டதா? கேட்டது என்று எழுதினால், பிள்ளைகளுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டி, உருண்டையை மடியில் வைத்துக்கொண்டு நானும் ஏறி உட்காருவேன். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசமாட்டேன். நீங்கள் பொய் எழுதமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.

உங்கள் மகள்

மார்ச் 25

கண்ணே,

பிள்ளைகளைப் படகில் ஏற்றாதே.

இன்று காலை எதிர்வீட்டுத் தையல்காரரின் கைபேசியை வாங்கி, "என் கடிதம் வரும்வரை படகைத் தண்ணீரில் இறக்க வேண்டாம்" என்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டு, அவர் பதிலுக்குக் காத்திராமல் வைத்துவிட்டேன். காத்திருந்தால் மட்டும் என்ன பயன்? காரணத்தை உனக்கு எழுத வேண்டியது என் கடமை.

உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு 'கேட்டது' என்று எழுதப் பேனாவை எடுத்தேன். முதலெழுத்தை எழுதியும்விட்டேன். அதற்குமேல் கை நகரவில்லை. தாளை மடித்து வைத்துவிட்டு, நான் வேலை பார்த்த படகுத்துறைக்குப் போனேன். அங்கே மேஸ்திரி இன்னும் இருக்கிறார். நல்ல பலகை ஒன்று, மக்கிய பலகை ஒன்று எடுத்து வைத்து, என் முதுகுக்குப் பின்னே நின்று மாற்றி மாற்றித் தட்டச் சொன்னேன். ஒவ்வொரு தட்டுக்கும் "நல்லது", "கெட்டது" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அங்கிருந்த மற்றவர்கள் வேலையை நிறுத்திவிட்டதைத் திரும்பிப் பார்த்தபோதுதான் கண்டேன். மேஸ்திரி என் காதருகே குனிந்து உரக்கச் சொன்னார்: "சார், பத்துல அஞ்சு தப்பு. கடைசியா 'கெட்டது'ன்னு சொன்னீங்களே, அப்ப நான் தட்டவே இல்ல சார்."

மகளே, எனக்கு இது புதிய செய்தியன்று. வாரப் பாராயணத்தில் எல்லோரும் நிறுத்திய பின்னும் நான் ஒருவனே அடுத்த பாடலுக்குள் நான்கு அடி போயிருக்கிறேன். கண் திறந்தபோது அத்தனை பேர் மடியிலும் புத்தகங்கள் மூடியிருந்தன. "ஐயா மெய்ம்மறந்துட்டாரு" என்று கைகூப்பினார்கள். நான் அதை மறுக்கவில்லை. என் குறையைப் பிறர் பக்தியென்று வணங்க, நான் அதை ஏற்றுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். அவர்கள் என்னை முன்வரிசையிலிருந்து எழுப்பிவிடுவார்கள் என்ற அச்சம்.

அந்தப் படகைத் தட்டியபோது எனக்குக் கையில் அதிர்வு தெரிந்தது. மருந்துக்கடைக்காரர் முகம் நேர்மையாகத் தெரிந்தது. இதை நீ ஓட்டிப்போகும் காட்சி மனத்தில் தெரிந்தது. தெரிந்தவற்றையெல்லாம் சேர்த்துக் கேட்டதாக எழுதினேன்.

பின்பலகையில் எஞ்சினைப் பிணைக்கும் கீழ்த் திருகாணிகளுக்கு அருகே துளையிட்டுப் பார்க்கச் சொல். தட்டிப் பார்க்கச் சொல்லாதே; துளையிடச் சொல்.

உன் மன்னிப்பை வேண்டும்
அப்பா

ஏப்ரல் 2

அன்பு அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை இவரிடம் கொடுத்தேன். படித்து மடித்து வைத்தார். பிறகு அவரே போய் மெக்கானிக்கைக் கூட்டிவந்தார்.

இடது கீழ்த் திருகாணிக்குப் பக்கத்தில் துளையிட்டார்கள். கறுப்பாக, ஈரமாக, தேயிலைச் சக்கை போல வந்தது. மெக்கானிக் ஸ்க்ரூடிரைவரை அழுத்தினார். பிடிவரை உள்ளே போய்விட்டது. "ரெண்டு தடவ வேகமாத் திருப்பியிருந்தீங்கன்னா எஞ்சின் பலகையோட பிச்சிக்கிட்டுப் போயிருக்கும் மேடம். பின்னாடி அவ்ளோ பெரிய ஓட்ட. நிமிஷத்துல முழுகியிருக்கும்" என்றார். உருண்டையை இறுக்கிப் பிடித்ததில் அவள் அழுதாள்.

மருந்துக்கடைக்காரருக்கும் தெரிந்திருக்கவில்லை, பாவம். அவரும் அதில் தன் பேரப்பிள்ளைகளை ஏற்றியவர்தான். படகைத் திரும்ப எடுத்துக்கொள்கிறார்.

தாத்தாவுக்குக் காது கேட்காது என்று வாயாடியிடம் சொன்னோம். "அவ்ளோதானே? நான் கத்தறேன். எனக்கு நல்லாக் கத்த வரும்" என்றாள். இந்த வீட்டில் அதை யாரும் மறுக்கமாட்டோம்.

அப்பா, மனத்தைப் போட்டு உழற்றிக்கொள்ளாதீர்கள். ஒரு படகுதானே, நல்லவேளை, தப்பித்தோம். இருபத்திரண்டாம் தேதி காது மருத்துவரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். இருபதாம் தேதியே இங்கே வந்துவிடுங்கள்.

அன்புடன்
உங்கள் மகள்

ஏப்ரல் 19

அன்பு மகளுக்கு,

நாளை உன் வீட்டுக்கு வர இயலாது. மருத்துவரிடம் வாங்கிய நாளைத் தள்ளி வை. காரணத்தைக் கேட்டால் நீ கோபிக்கமாட்டாய்.

ஒரு படகுதானே என்று எழுதியிருந்தாய். அந்த ஒரு சொல் என்னைத் தூங்கவிடவில்லை. காது மங்கியது ஓய்வு பெற்ற பின்னர் அன்று. பணியின் கடைசி இரண்டாண்டுகளிலேயே. உன் அம்மாவை இழந்த துயரம் என்று அதற்கு ஒரு பெயர் சூட்டி வைத்திருந்தேன். அந்த இரண்டாண்டில், செவியை மட்டும் நம்பி நான் சான்று தந்த படகுகள் நாற்பத்து மூன்று. ஒன்றும் திரும்பி வந்ததில்லை என்று உனக்கு மார்தட்டி எழுதினேனே; ஓய்வுபெற்றவனிடம் யார் வந்து சொல்லப்போகிறார்கள் என்று எண்ணிப் பார்க்கவில்லை.

அலுவலகத்துக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். இப்போதுள்ள அதிகாரி என்னிடம் வேலை கற்றவர். கதவைச் சாத்திவிட்டு வந்து, "சார், நாலு வருஷம் ஆச்சு. உங்க பேரு இன்னிக்கும் இங்க பெரிய பேரு. எதுக்கு சார் இதெல்லாம்?" என்று தாளில் எழுதிக் காட்டினார். அதன்கீழ் "முகவரிகள் வேண்டும்" என்று எழுதினேன். பதிவேட்டை எடுத்துக் கொடுத்தார்.

நாற்பத்து மூன்று கடிதங்கள் எழுதினேன். பதினொருவர் பதில் போட்டிருக்கிறார்கள். இருவர் நன்றி சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் வழக்குத் தொடுப்பேன் என்கிறார், அது அவர் உரிமை. பாராயணக் குழுவிலும் சொல்லிவிட்டேன். முன்வரிசையிலிருந்து யாரும் எழுப்பவில்லை. நானே எழுந்து பின்னால் போனேன்.

இன்று காலை ஒரு செங்கல் வியாபாரி நேரிலேயே வந்தார். வாசலில் நின்றபடி கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். கோபம் தெரிந்தது, சொல் தெரியவில்லை. தாளும் பேனாவும் நீட்டினேன். அவர் கை சற்று நின்றது. பிறகு எழுதினார்: "அந்தப் படகை நான் போன வருடமே விற்றுவிட்டேன். வாங்கியவர்கள் சின்ன வயதுத் தம்பதி. இரண்டு குழந்தைகள். தினமும் அதில்தான் பள்ளிக்குப் போகிறார்கள்." கீழே முகவரி எழுதினார். தொலைபேசி எண் அவரிடம் இல்லை.

இதற்குத் தபால் போதாது. ஆறு மணி நேரப் பயணம். இன்றிரவு ஒன்பது மணிப் பேருந்தில் புறப்படுகிறேன். மேஸ்திரி துளைக்கருவியோடும் ஈரமானியோடும் உடன் வருகிறார். இக்கடிதத்தை வழியில் தபாலில் சேர்ப்பேன்; இது வந்து சேரத் தாமதமாகும் என்பதால், நான் வரவில்லை என்பதை மட்டும் தம்பி உனக்குத் தொலைபேசியில் சொல்வான்.

அந்த வீட்டுத் தாய்க்கு ஒரு கடிதம் எழுதிக் கையோடு கொண்டுபோகலாம் என்று மூன்று தாள் எழுதிக் கிழித்துவிட்டேன். எழுதினால் அதை அழகாக்கிவிடுகிறேன். வாயாலேயே சொல்கிறேன். அவள் என்ன திட்டினாலும், முகத்தைப் பார்த்து நின்று வாங்கிக்கொள்கிறேன்.

அப்பா