நொலீனின் ஈரலில் குடிவந்தவை

7 மார்ச் 2010, ஞாயிறு

எங்கள் ஊர் கொலாக்கின் பௌல்ஸ் கிளப்பில், புல்தரையில் பந்து உருட்டும் ஆட்டம்; இந்தப் பருவத்தின் கடைசி. நொலீன் பந்தை எடுத்துக் குனிந்தாள். உருட்டவில்லை. குனிந்தபடியே நின்றாள். எதிரணிப் பெண் ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம் சொன்னாள்: "மத்தியானமே ஊத்திக்கிட்டு வந்துட்டா போல."

நான் வேலியைத் தாண்டி ஓடினேன். கண் திறந்திருந்தது. ஆனால் நான் யாரென்று அவளுக்குத் தெரியவில்லை. ஜெல்லி மிட்டாயை ஒவ்வொன்றாக வாயில் திணித்து, மெல்லு, மெல்லு என்று கெஞ்சினேன். விரலில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை 1.9. நான்குக்குக் கீழே போகவே கூடாது.

கொஞ்ச நேரத்தில் தெளிந்தாள். "ஏன் எல்லாரும் என்னையே பாக்கறீங்க?"

பக்கத்து வீட்டு மெர்வ்தான் கிளப்பின் புல்தரையைப் பராமரிக்கிறவன். "ஒண்ணுமில்ல நொலீன், உன் ஷூ நல்லாருக்கேன்னு பாத்தோம்" என்றான்.

கறுப்பு மிட்டாய்களை மட்டும் என் உள்ளங்கையில் துப்பியிருந்தாள். புருஷன் யாரென்று தெரியாத நிலையிலும் கறுப்பு பிடிக்காது என்பது தெரிகிறது. வழக்கம்போல அவற்றை நான் தின்றேன்.

முன்பெல்லாம் சர்க்கரை இறங்கினால் அவளுக்குக் கை நடுங்கும், வியர்க்கும், நெஞ்சு படபடக்கும். தானே உட்கார்ந்து ஏதாவது சாப்பிடுவாள். இப்போது எதுவும் வருவதில்லை. மெல்பர்ன் ஆஸ்பத்திரியின் டாக்டர் பெட்ராகிஸ் சொன்னது: "சர்க்கரை குறையறத மூளையில சில செல்கள்தான் முதல்ல கவனிக்கும். அடிக்கடி குறைஞ்சா, இதுதான் சகஜம்னு அதுங்க கணக்கை மாத்திக்கும். அப்புறம் எச்சரிக்கையே அனுப்பாது."

ஆகவே அந்த எச்சரிக்கை நான்தான். துணி காயப்போடும்போது, குளிக்கும்போது, தூங்கும்போது. குளியலறைக் கதவுக்கு வெளியே நின்று "நொலீன்?" என்பேன். உடனே பதில் வராவிட்டால் தாழ்ப்பாளை உடைப்பேன். இரண்டு முறை உடைத்திருக்கிறேன்.

9 மார்ச்

மெல்பர்ன் ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் போன் வரவில்லை. பத்திரிகை ஆபீஸுக்கு இன்றும் லீவு சொன்னேன். இனி என்ன காரணம் சொல்வது?

18 மார்ச், வியாழன்

போன் வந்தது. இறந்த ஒருவரின் கணையம் கிடைத்திருக்கிறது. அதிலிருந்து இன்சுலின் சுரக்கும் செல்களைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்களாம். உடனே வரச் சொன்னார்கள். நொலீன் வெறும் வயிற்றோடு கிளம்பினாள். பாதி வழியில் சர்க்கரை இறங்கியது. ஓரமாக நிறுத்தி, ஆஸ்பத்திரியைக் கூப்பிட்டுக் கேட்டு, குளுக்கோஸ் களிம்பை ஈறில் தடவினேன்.

ஆஸ்பத்திரி உடுப்பெல்லாம் மாட்டியாயிற்று. அப்புறம் நர்ஸ் துய் வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்த விதத்திலேயே புரிந்துவிட்டது.

"பிரிச்சதுல உயிரோட இருக்கறது ரொம்பக் கம்மி. போட்டும் பிரயோஜனம் இல்ல. மன்னிச்சிருங்க."

"நீ என்னம்மா பண்ணுவ" என்று நொலீன் அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள். திரும்பும் வழியில் சிப்ஸ் கேட்டாள். காரில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

இனி அடுத்த போனுக்குக் காத்திருக்க வேண்டும். அப்படியென்றால் இன்னொருவர் சாவதற்குக் காத்திருக்கிறேன். இந்த வரியை எழுதிவிட்டேன், கோடு போட்டு அடிக்கப்போவதில்லை.

30 மார்ச்

ஆம்புலன்ஸ். சமையலறைத் தரையில் கிடந்தாள். தபால் எடுக்க வாசலுக்குப் போய் வந்தேன், அவ்வளவுதான். வெறும் தபால் எடுக்க!

11 ஏப்ரல், ஞாயிறு

செல்களை ஏற்றிவிட்டார்கள்.

கத்தியே இல்லை. வயிற்றில் மரத்துப்போகச் செய்யும் ஊசி, ஈரலுக்குப் போகும் ரத்தக்குழாயில் ஒரு மெல்லிய குழல், மேலே ஒரு பை. பையில் வெளிறிய தண்ணீர், அதில் நொய் நொய்யாக ஏதோ மிதந்தது. அடியில் தங்காதபடி துய் அதைத் தாலாட்டுகிற மாதிரி ஆட்டிக்கொண்டே இருந்தாள். நொலீன் விழித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"இவ்ளோதானா? பார்லித் தண்ணி மாதிரி இருக்கு. இதுக்கா இவன் வீடே மாத்தப்போற மாதிரி மூட்டை கட்டினான்?"

டாக்டர் பெட்ராகிஸ் சிரித்தார். கணையத்தில் இருக்க வேண்டியவை ஈரலில் எப்படி வேலை செய்யும் என்று கேட்டேன்.

"எங்க இருக்கோம்னு அதுங்களுக்குத் தெரியாது, டெஸ். பக்கத்துல போற ரத்தத்துல சர்க்கரை எவ்வளவுன்னு மட்டும் தெரியும். சர்க்கரை உள்ள நுழைஞ்சா அதை எரிக்கும். எவ்வளவு எரியுதோ அதை வச்சு, எவ்வளவு இன்சுலின் விடணும்னு முடிவு பண்ணும். யாரும் சொல்லித்தர வேண்டாம்."

எங்கோ ஒரு வீட்டில் இன்று அழுதுகொண்டிருப்பார்கள். அவர்கள் பெயர்கூட எங்களுக்குச் சொல்லப்படாது.

17 ஏப்ரல், சனி

வீடு வந்தோம். புதுச் செல்களை உடம்பு எதிர்க்காமலிருக்கத் தரும் மாத்திரைகளால் அவள் வாயெல்லாம் புண்.

டாக்டர் சொல்லி அனுப்பியது: புதுச் செல்களுக்கு இன்னும் சொந்த ரத்தக்குழாய் வளரவில்லை, பாதி பட்டினி. அவற்றுக்கு ஓய்வு வேண்டும். அதனால் இன்சுலின் ஊசி தொடர வேண்டும், சர்க்கரை ஏறவே கூடாது. இறங்கவும் கூடாது. சில வாரம் இறங்காமல் இருந்தால் மூளைச் செல்களுக்குப் பழைய கணக்கு திரும்பலாம். எச்சரிக்கை திரும்பலாம். "லாம்" என்றுதான் சொன்னார்.

ஊசியும் போடுகிறோம். உள்ளே அவையும் சுரக்கின்றன. எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. இரண்டும் சேர்ந்தால்?

20 ஏப்ரல்

காலையில் 4.3. நொலீன் பாத்திரம் கழுவிக்கொண்டே பாடினாள். 4.3-க்கும் சமையலறைத் தரைக்கும் எவ்வளவு தூரம்?

எங்கள் வீட்டில் டீ என் வேலை. காலையில் படுக்கைக்குக் கொண்டுபோவதிலிருந்து எல்லாமே. அவள் கோப்பையில் சர்க்கரை சேராத இனிப்பு மாத்திரை போடுவேன். இன்று அதற்குப் பதில் சர்க்கரை போட்டேன். ருசியில் அவளுக்குத் தெரியவில்லை.

ஒருநாள்தானே.

24 ஏப்ரல்

ஒருநாள் இல்லை. ஆனால் நேற்று முழுதாக ஆறு மணி நேரம் தூங்கினேன்.

4 மே, செவ்வாய்

9, 11, 10. எட்டைத் தாண்டக் கூடாது. ஒவ்வொரு முறை குத்திப் பார்த்துவிட்டும் அவள் மீட்டரைத் தட்டிப் பார்க்கிறாள். உருளைக்கிழங்கை எடை போட்டுச் சாப்பிடுகிறாள். ரொட்டியை விட்டாள். இன்று துணி மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே நிறுத்திவிட்டாள். சர்க்கரை இறங்கிவிட்டதோ என்று பாய்ந்தேன். இல்லை, அழுதுகொண்டிருந்தாள்.

"உள்ள செத்துக்கிட்டிருக்கு டெஸ். யாரோ குடுத்தது. என்னால காப்பாத்த முடியல."

சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. அப்புறம் போய் டீ போட்டேன். சர்க்கரையை நிறுத்தவும் இல்லை. என்ன மனுஷன்யா நான்?

சர்க்கரை ஏறியதால் அவள் காலையில் எழுந்திருக்காமல் போகமாட்டாள். இறங்கினால் போய்விடுவாள். நான் நினைப்பது இவ்வளவுதான். இதற்குமேல் என் மூளை போவதில்லை.

13 மே, வியாழன்

மெல்பர்ன். செல்கள் வேலை செய்வதைக் காட்டும் ரத்தப் பரிசோதனை பாதிக்கும் கீழே வந்துவிட்டது. உடம்பு அவற்றை ஏற்றுக்கொள்ளவில்லை போல என்றார் டாக்டர். இப்படியே போனால், ஒரு பை போதாதவர்களுக்கு ஏற்றும் இரண்டாவது பைக்கான பட்டியலிலிருந்து நொலீன் பெயரை எடுக்க வேண்டியிருக்குமாம்.

"ஆனா ஒண்ணு இடிக்குது. காலையில எழுந்ததும் பாக்கறது நல்லாருக்கு. டீ குடிச்சதுக்கு அப்புறம்தான் ஏறுது. டீயில என்ன போடறீங்க நொலீன்?"

"இனிப்பு மாத்திரைதான். இவன்தான் போடுவான்."

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

டாக்டர் என்னிடம் சொல்லவில்லை, பொதுவாகத்தான் சொன்னார்: "அந்தச் செல்லுக்கு உங்க மனசு தெரியாது. சர்க்கரை வந்தா இன்சுலின் விடணும், அதுதான் அதுக்குத் தெரிஞ்சது. வந்துக்கிட்டே இருந்தா விட்டுக்கிட்டே இருக்கும். போதும்னு சொல்லத் தெரியாது. விழுந்து சாகிற வரைக்கும் வேலை பாக்கும்."

காரில் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. இத்தனை வருஷம் பத்திரிகைக்காகக் கோர்ட்டில் உட்கார்ந்து, வாய் திறக்காத ஆட்களைப் பற்றி எழுதியிருக்கிறேன்.

14 மே

காலை டீ போடவில்லை. படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து சொல்லிவிட்டேன்.

முதலில் அவளுக்குப் புரியவில்லை. "எத்தன நாளா?" என்றாள். சொன்னேன்.

"நான் அன்னிக்கு அழுதப்பவுமா?"

"ஆமா."

"அழுது முடிச்சப்புறம் ஒரு டீ கொண்டாந்து குடுத்தியே. அதுலயுமா?"

"ஆமா."

கையில் கிடைத்த செருப்பை எறிந்தாள். சுவரில் பட்டது. "பத்தொம்பது வயசுலேர்ந்து இந்த வியாதிய நான் சுமக்கறேன். நீ கூடவே இருந்துட்டா அது உன் வியாதி ஆயிடுமா? என் உடம்புக்குள்ள கைய விட்டு ஆட்ட உனக்கு யாருடா உரிமை குடுத்தது?"

"நீ தரையில கெடந்தப்போ பாத்தது நான்தான் நொலீன். நீ ஒரு தடவகூட அதப் பாத்ததில்ல. முழிச்சு எழுந்து, ஏன் பாக்கறன்னு கேப்ப. எனக்கு... என்னால முடியலடி."

அவள் எழுந்து துய்க்குப் போன் செய்தாள். என் எதிரிலேயே, ஒன்றையும் மறைக்காமல், ஒன்றையும் கூட்டாமல் சொன்னாள்.

15 மே

டீயை அவளே போட்டுக்கொண்டாள். ஒரு கோப்பை மட்டும்.

16 மே, ஞாயிறு

கோட்டுப் பைகள், காரின் முன் பெட்டி, என் தலையணைக்கு அடி – எல்லா ஜெல்லி மிட்டாயையும் எடுத்துவிட்டாள். ஒரு டப்பா மட்டும் அவள் கைப்பையில். சாயங்காலம் மெர்வ் வேலிக்கு மேலே தலையை நீட்டினான்.

"யோவ், உன் பொண்டாட்டி ரெண்டு கிலோ மிட்டாய் குடுத்துட்டுப் போறா. யாருக்குய்யா பொறந்தநாள்?"

"வச்சுக்கோ."

"கறுப்பையும் சேத்தா?"

29 மே

5.8. 6.1. 5.2. அவள் சொல்வதில்லை. மேசை மேல் கிடக்கும் மீட்டரை நான் திருட்டுத்தனமாகப் பார்க்கிறேன். தூக்கம் இல்லை.

24 ஜூன், வியாழன்

செல்களின் ரத்தப் பரிசோதனை எண் மேலே ஏறியிருக்கிறது. முழுதாக இல்லை. செத்தது செத்ததுதான், மிச்சம் இருப்பவை எழுந்து நிற்கின்றன என்றார் டாக்டர். இரண்டாவது பைக்கான பட்டியலில் நொலீன் பெயர் இருக்கிறது. ஊசி தொடரும், அளவு மட்டும் குறைவு.

மூளைச் செல்களின் எச்சரிக்கை? "இன்னும் பொறுக்கணும்."

நான் எத்தனை செல்களைக் கொன்றேன் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

8 ஆகஸ்ட்

குளியலறைக்கு வெளியே நின்றேன். கூப்பிடவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு நின்றேன். வெளியே வந்தவள் என்னைப் பார்த்துவிட்டு, "உயிரோடதான் இருக்கேன், கிழவா" என்றாள்.

மே மாதத்துக்கு அப்புறம் இன்றுதான் கிழவா என்று கூப்பிட்டிருக்கிறாள்.

12 செப்டம்பர், ஞாயிறு

புதுப் பருவத்தின் முதல் ஆட்டம். காற்று பலம். நான் வேலிக்கு வெளியே, மெர்வ் பக்கத்தில். எழுந்து நின்றபோதெல்லாம் மெர்வ் என் கோட்டைப் பிடித்து உட்காரவைத்தான். "உக்காருய்யா. அவ உன்னப் பாத்தா பந்தால அடிப்பா."

நொலீன் முறை வந்தது. பந்தை எடுத்தாள். குனிந்தாள். உருட்டவில்லை.

மெர்வின் பிடி தளர்ந்தது. நான் எழுந்துவிட்டேன்.

அவள் நிமிர்ந்தாள். பந்தைத் தரையில் வைத்தாள். "ஒரு நிமிஷம் இருங்கம்மா" என்று மற்றவர்களிடம் சொல்லிவிட்டு, புல்தரையைக் கடந்து என்னை நோக்கி நேராக நடந்து வந்தாள். மேலுதட்டில் வியர்வை. அந்தக் குளிர்காற்றில் வியர்வை.

"டெஸ், கை நடுங்குது. நெஞ்சு திக்குதிக்குன்னு அடிக்குது." கையை நீட்டிக் காட்டினாள். நடுங்கியது. அந்த நடுக்கத்தை நான் பார்த்து எத்தனை வருஷம்! "என்ன பாத்துக்கிட்டே நிக்கற? என் பைய எடு. டப்பா அதுலதான் இருக்கு."

என்னால் மூடியைத் திறக்க முடியவில்லை. அவளே வாங்கித் திறந்தாள். பெஞ்சில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பொறுக்கி மென்றாள். குத்திப் பார்த்தபோது 3.4. மீட்டர் சொல்வதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருந்தது.

"அழாதடா. எல்லாரும் பாக்கறாங்க" என்றாள். கறுப்பை மட்டும் தனியாக எடுத்து என் உள்ளங்கையில் வைத்தாள்.